மெல்லிய சூட்டில் ஒரு சம்பந்தி

இஷொய், டென்மார்க்
ஐப்பசி மாதம், ஞாயிறு பூசைக்குப் போய்வந்த பின்

பாசம் மாறாத சின்னமணி அக்காவுக்கு,

இளையவன் சூசைப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. மாதாவின் தயவால் நானும் அமலராணியும் இந்தக் குளிருக்குள் பெரிய குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். உங்களுடைய முழங்கால் நோவும், அத்தானுடைய இருமலும், பின்வீட்டுக்காரரோடு இருந்த வேலிப் பிரச்சினையும் இதற்கிடையில் சுகப்பட்டிருக்கும் என்று நம்புகிறோம். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். போனில் நான் ஒரு வசனத்தை முடிப்பதற்குள் நீங்கள் நாலு கேள்வி கேட்டு, அதற்கு நீங்களே மறுமொழியும் சொல்லி, கடைசியில் என்னைப் பேசிவிட்டு வைத்துவிடுவீர்கள். கடிதத்துக்குள் குறுக்கே விழ முடியாது. ஆகவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு தேத்தண்ணியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். நேற்று எங்கள் வீட்டுக் குசினியில் நான் ஒரு அதிசயம் கண்டேன். இன்று பூசையில் முழங்காலில் நிற்கும்போதும் எனக்கு அந்த நினைவுதான். பிரசங்கத்தில் பாதர் என்ன சொன்னார் என்று கேட்டால் தெரியாது.

விசயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கட வினோதாவும் அந்த டெனிஷ் பொடியன் ஜேப்பேயும் ஓகூஸ் நகரத்தில் ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கி வருசங்கள் ஆகிவிட்டன. பொடியன் தங்கமான பொடியன். ஆஸ்பத்திரியில் வேலை, அமலராணியின் நண்டுக் கறியைக் கண்ணாலும் மூக்காலும் தண்ணி ஓட ஓடச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் என்று கோப்பையை நீட்டுவான். ஆனால் கலியாணம் என்ற சொல்லை மட்டும் இரண்டு பேரும் வாயில் எடுப்பதில்லை. தமிழ்ப் பூசைக்குப் போனால், "மகள் எப்பிடி?" என்று கேட்கிறவர்கள் மகளுடைய சுகத்தையா கேட்கிறார்கள்? எனக்குத் தெரியாதா? நீங்களும் பாசையூரில் மண்டபக்காரருக்கு ஒரு சொல் போட்டு வைத்துவிட்டு, திகதி சொல்லு, திகதி சொல்லு என்று நிற்கிறீர்கள். பிள்ளையிடம் கேட்டால், "ஆறுதலா இருங்கோப்பா" என்று டெனிஷில் சொல்லுவாள். அமலராணி இரவில் செபமாலை சொல்லும்போது அந்தக் கருத்துக்குத் தனியாக ஒரு பத்துமணி சேர்த்துச் சொல்லுகிறாள். ஆகவே நாங்கள் இரண்டு பேரும் கூடி ஒரு முடிவெடுத்தோம். பொடியனின் தகப்பனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது, முகத்துக்கு நேரே இருந்து, "உங்கட மகன் எங்கட மகளை எப்ப கட்டப்போறார்?" என்று கேட்பது. மறுமொழி வாங்காமல் அந்த மனுசனைத் திரும்ப ரெயின் ஏற்றுவதில்லை என்று நான் சபதமே எடுத்தேன்.

அவருடைய பெயர் பிறெபென். ஓகூஸ் துறைமுகத்தில் கிறேன் ஓட்டி இளைப்பாறியவர். எங்கள் வீட்டுக் கதவுக்குள் குனிந்துதான் வரவேண்டிய உயரம். பெண்சாதி எப்போதோ பிரிந்துபோய் வேறொருவரோடு இருக்கிறா. அதை நீங்கள் பெரிதாக எடுக்கவேண்டாம், இங்கே அது தடிமன் காய்ச்சல் மாதிரி. சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு வாருங்கள் என்று சொல்லியிருந்தோம். டெனிஷ்காரரை ஆறு மணிக்குக் கூப்பிட்டால் ஆறு மணிக்குத்தான் மணியடிப்பார்கள். கொஞ்சம் முந்தி வந்துவிட்டால் வெளியே மழைக்குள் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்களே தவிர உள்ளே வரமாட்டார்கள். அப்படிப்பட்ட நாட்டில் பிறந்த மனுசன் மத்தியானத்துக்கு முன்னமே வந்து மணியடித்தார். நான் சாரத்தோடு நின்றேன். அமலராணி தலை முழுகிவிட்டு ட்றையர் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறெபென் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, ஓகூஸிலிருந்து ரெயினில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த ஒரு குளிர்ப்பையைக் குசினி மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே வெள்ளைத் துணியில் சுற்றின பெரிய பண்டியிறைச்சித் துண்டு ஒன்று, பிடரிப் பக்கம், தோலோடு, பச்சையாக.

இறைச்சி தான் கொண்டுவருவதாக அவர் வினோதா மூலம் முதலே சொல்லியனுப்பியது உண்மை. சமைத்த இறைச்சி என்று நாங்கள் நினைத்துவிட்டோம். அவரோ, "இதை உங்கள் ஓவனில் வைக்கலாமா? மெல்லிய சூட்டில் பின்னேரம் வரைக்கும் இருக்கவேண்டும். இலை கொட்டுகிற காலத்தில் இதைச் சாப்பிட்டால் மனதுக்கு ஆறுதல்" என்று சொன்னார். அவர் நேற்று முழுக்கச் சொன்னதில் அதுதான் ஆக நீளமான கதை. பிறகு சுங்கானுக்குள் புகையிலையை அடைத்துப் பற்றவைக்க வெளியே போனார். அமலராணி என்னை மூலைக்கு இழுத்தாள்.

"விருந்துக்கு வந்த மனுசன் என்ர குசினிக்கை நிண்டு சமைச்சா நாளைக்கு என்னைப் பற்றி என்ன கதைப்பினம்?"

"ஆர் கதைக்கிறது? அந்த மனுசன் வாயே திறக்குதில்லை" என்றேன்.

"அப்ப சும்மா நிக்கச் சொல்லுறியளோ? கொஞ்சமாவது உதவி செய்யவேணும்."

அக்கா, அவள் செய்த உதவியைக் கேளுங்கள். அந்த மனுசன் உள்ளே வருவதற்குள் துணியை அவிழ்த்து, இறைச்சியைத் தண்ணிக்குள் போட்டு, மஞ்சளும் உப்பும் தேசிக்காயும் விட்டு, எங்கட பெண்டுகள் கழுவுகிற மாதிரி மூன்று தண்ணியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, பளபளவென்று மேசையில் வைத்துவிட்டாள். உள்ளே வந்த பிறெபென் அதைப் பார்த்தபடி நின்றார். பிறகுதான் எனக்கு விளங்கியது, அந்தத் தோல் பொரிந்து மொறுமொறுவென்று வருவதுதான் இந்தச் சமையலின் உயிர். அதற்குத் தோல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அதற்காக அவர் முதல் நாளே குளிர்சாதனப் பெட்டியில் திறந்தபடி வைத்து, துணியால் ஒற்றி ஒற்றிக் காயவைத்துக் கொண்டுவந்திருக்கிறார். இப்போது அது ஈரத்தில் ஊறி, நாரிவரை மஞ்சள் பூசின புதுப்பெண் மாதிரிக் கிடக்கிறது. நானாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன், உங்களுக்கு என்னைத் தெரியும். அந்த மனுசன் கடதாசித் துவாய் கேட்டு வாங்கி ஒற்றினார். போதவில்லை. சுற்றிவரப் பார்த்தார். கதிரையில் கிடந்த அமலராணியின் ட்றையரைக் காட்டி, எடுக்கலாமா என்று கண்ணால் கேட்டார். பிறகு மேசைக்கு முன்னால் இருந்து, ஆஸ்பத்திரித் தாதி மாதிரி அவ்வளவு பக்குவமாக, அந்தப் பண்டிக்குத் தலை உலர்த்தத் தொடங்கினார்.

"இனி நான் அதை என்ர தலைக்குப் பிடிக்கிறதோ?" என்று அமலராணி தமிழில் முணுமுணுத்தாள். ஆனால் அவளும் கண்ணை எடுக்காமல்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் இந்த நாட்டுக்கு வந்த காலம்தொட்டுப் பென்சன் எடுக்கும்வரை இறைச்சித் தொழிற்சாலையில் பண்டியைப் பெட்டியில் அடுக்கினவன். என் கை படாமல் டென்மார்க்கிலிருந்து ஒரு பண்டி வெளிநாடு போகவில்லை என்று உங்களுக்கே எத்தனை தரம் புளுகியிருப்பேன். ஆனால் நேற்றுத்தான் அக்கா, ஒரு மனுசன் ஒரு இறைச்சித் துண்டுக்கு மரியாதை கொடுப்பதைப் பார்த்தேன். மெல்லிய பிளேடுக் கத்தியால் தோலை வரிவரியாகக் கீறினார், கொழுப்பு வரைக்கும் மட்டும், சதையில் படாமல். ஒவ்வொரு கீறலுக்குள்ளும் உப்புக்கல்லை விரலால் இறக்கினார், குழந்தைக்குப் பவுடர் போடுகிறதுபோல. இடைக்கிடை ஒரு பிரிஞ்சி இலை. தட்டில் தண்ணி, வெங்காயம், கரட், தன் வீட்டு மரத்து அப்பிள். அவ்வளவுதான். மிளகாய்த்தூள் இல்லை. சரக்குத்தூள் இல்லை. அமலராணி சரக்குத்தூள் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு, வேறு வீட்டுப் பிள்ளை சட்டையில்லாமல் நிற்பதைப் பார்க்கிறதுபோலப் பார்த்தாள். பிறெபென் ஓவன் குமிழை நூற்றுப்பத்தில் விட்டுவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். நூற்றுப்பத்து என்ன சூடு அக்கா? பாசையூர்ப் பங்குனி வெயில் அதைவிடக் கூட.

இனித்தான் அதிசயம். அவர் ஒன்றும் செய்யவில்லை. நாங்கள் ஒரு கறி வைத்தால் எத்தனை தரம் மூடியைத் திறக்கிறோம், கிண்டுகிறோம், உப்புப் பார்க்கிறோம், உள்ளங்கையில் விட்டு நக்குகிறோம். அவர் இருந்தார். ஓவன் கண்ணாடியைப் பார்த்தபடி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, அப்படியே இருந்தார். எனக்குக் கைகால் உளைந்தது. அவர் கழிப்பறைக்குப் போன நேரம் குமிழைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன், ஒரு உதவிக்குத்தான். நான் முன்னறைக்குப் போன நேரம் அமலராணியும் அதே உதவியைச் செய்திருக்கிறாள். பிறெபென் வந்தார், குமிழைப் பார்த்தார், திரும்ப நூற்றுப்பத்துக்குக் கொண்டுவந்தார், இருந்தார். எங்களைப் பார்த்து முகம் சுளிக்கவுமில்லை, ஏன் என்று கேட்கவுமில்லை. இப்படி நாங்கள் கூட்ட, அவர் குறைக்க, பின்னேரம் வரை இது நடந்தது. இவ்வளவு பொறுமையை நான் கோயில் சுரூபங்களில்தான் பார்த்திருக்கிறேன்.

விருந்தாளி வெறும் வாயோடு இருக்கிறார் என்று அமலராணிக்கு மனம் கேட்கவில்லை. கட்லற் கொண்டுவந்தாள். றோல்ஸ் கொண்டுவந்தாள். பற்றிஸ் கொண்டுவந்தாள். இரண்டு மூன்று தரம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சூசை, உங்களோடு ஒரு விசயம்..." என்று தொடங்கினார். அவர் தொடங்க இவள் அடுத்த தட்டோடு வந்து நிற்பாள். அவர் நன்றி சொல்லி ஒன்றை எடுத்து வாயில் வைப்பார். வாயில் கட்லற்றோடு டெனிஷ்காரர் கதைக்கமாட்டார்கள், அது அவர்களுடைய பழக்கம். மென்று முடிய விசயமும் முடிந்துவிடும். சரி, இந்த மனுசனுக்குக் கதை வராது, நாங்கள்தான் கேட்கவேண்டும் என்று, "வாருங்கள், வெளியே ஒரு நடை போவோம்" என்று கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் மாடிக் கட்டிடங்களுக்கு நடுவே இருக்கிற மரமெல்லாம் இப்போது மஞ்சளும் சிவப்பும். காலுக்குள் இலை சரசரத்தது. நான் மூச்சை இழுத்து, மனதுக்குள் ஒரு மங்கள வார்த்தை செபத்தைச் சொல்லிவிட்டு, டெனிஷில் நேராகக் கேட்டேன்.

"பிறெபென், உங்கள் மகன் என் மகளை எப்போது கலியாணம் கட்டப்போகிறார்?"

அந்த மனுசன் நின்றார். கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது. என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், கீழே கிடந்த இலையைச் சப்பாத்தால் அங்கால் இங்கால் தள்ளினார். பிறகு மெல்லமாகச் சொன்னார்: "நாங்கள் போய் இறைச்சியைப் பார்த்தால் நல்லது." சொல்லிவிட்டுத் திரும்பி, என்னை விட்டுவிட்டு, அந்த நீளக் காலால் எட்டி எட்டி நடந்து போய்விட்டார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு தகப்பன் நெஞ்சிலுள்ளதைக் கேட்கிறான், இந்த ஆளுக்கு இறைச்சி பெரிதா என்று. ஆனால் மரத்தடி வாங்கில் கொஞ்சநேரம் குந்தியிருந்து யோசித்தேன். யோசிக்க யோசிக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அக்கா. அவர் மறுமொழி சொல்லித்தான் இருக்கிறார். இறைச்சியைப் பார் என்றால் என்ன? அவசரப்படாதே, குமிழைத் திருகாதே, உள்ளே வேகவேண்டியது தன்பாட்டில் வேகும், நீ பக்கத்தில் இருந்தால் போதும் என்றுதானே? எங்கட ஆக்கள் மூன்று நாள் தியானம் வைத்து ஒலிபெருக்கி போட்டுச் சொல்லுகிறதை அந்த மனுசன் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் வீட்டுக்குள் வந்து அவருக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையைப் போட்டு இருந்தேன். குமிழைத் தொடவில்லை. அமலராணி தொடப்போனபோது, "விடப்பா, அது தன்ர பாட்டில வரட்டும்" என்றேன். அவள் எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப்பார்த்தாள். பிறெபெனுடைய நெற்றியில் வேர்த்திருந்தது. அவ்வளவு கவனமாக இருந்து சமைத்தால் வேர்க்காதா?

மெல்ல மெல்ல வாசம் எழும்பியது. எங்கட கறி வாசம் ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரி அடிக்கும். இது அப்படியில்லை. அப்பிளும் கொழுப்பும் இலையும் ஒன்றாகச் சேர்ந்து, மழைக்குள்ளிருந்து வருகிறவனுக்குத் துவாய் நீட்டுகிற மாதிரி ஒரு வாசம். யன்னலில் இருட்டுப்பட்ட நேரம் பிறெபென் எழும்பிச் சூட்டை உச்சத்துக்கு விட்டார். தோல் வெடிக்கத் தொடங்கியது. பட படவென்று நத்தார்ச் சீனவெடி மாதிரிச் சத்தம். அமலராணி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். புகை மணி அலறியது. பிறெபென் எட்டாத உயரத்தை எட்டித் துவாயால் விசுக்கினார், நான் யன்னலைத் திறந்தேன், இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்தோம். வெளியே எடுத்தால், எங்கட மஞ்சளின் புண்ணியத்தில் தோல் முழுக்கத் தங்கம். தான் இத்தனை வருசம் வாட்டியும் இந்த நிறம் வந்ததில்லை என்று அவர் அமலராணிக்குக் கை கொடுத்தார். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

அந்த நேரம்தான் பிள்ளைகள் காரில் வந்து சேர்ந்தார்கள். ஜேப்பே வாசலிலேயே நின்றுவிட்டான். வினோதா குசினிக்குள் வந்து, நானும் பிறெபெனும் தோளில் கை போட்டுக்கொண்டு சிரிக்கிறதைப் பார்த்தாள். பிறகு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து விம்மி விம்மி அழுதாள். இவ்வளவு வளர்ந்த பிள்ளை. ஒரு இறைச்சி வாசத்துக்கு இப்படி அழுவாளா என்று எனக்கே கண் கலங்கிவிட்டது. பிறெபென் இறைச்சித் தட்டுக்கு மேல் குனிந்துகொண்டார். சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் அப்படி ஒரு சந்தோசம். இறைச்சி வாயில் வைக்கக் கரைந்தது. அமலராணி முன்யோசனையாகக் காய்ச்சி வைத்திருந்த பண்டிக் கறியும் முடிந்தது, அது வேறு கதை. ஜேப்பே என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். கலியாணக் கதையை நான் எடுக்கவேயில்லை. அமலராணி மேசைக்குக் கீழால் காலால் தட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு தோலைக் கடித்தேன்.

ஆகவே அக்கா, உங்களிடம் மன்றாடிக் கேட்பது இதுதான். இனிமேல் இந்தப் பிள்ளைகளைத் திகதி கேட்டு அரியண்டப்படுத்த வேண்டாம். மண்டபக்காரரிடம் போய், தம்பி வேண்டாமென்று சொல்லிவிட்டான் என்று மண்டபத்தை விட்டுவிடுங்கள். கட்டுகிற நேரம் கட்டுவார்கள். பார்த்துக்கொண்டிருப்போம். பிறெபெனைப்போல ஒரு ஞானியைச் சம்பந்தியாகத் தர ஆண்டவர் நினைத்திருந்தால், அவரே அதற்கு ஒரு நாளும் வைத்திருப்பார். உங்கள் தம்பி நேற்றோடு வேறு மனுசன்.

அத்தானுக்கு என் அன்பு. வேலிக்காரரோடு நீங்களாகக் கதை தொடங்காதீர்கள். பரலோக மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கவேண்டும் என்று இரந்து நிற்கும்,

உங்கள் தம்பி
சூசைப்பிள்ளை

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டப்போன நேரம் வினோதா போன் எடுத்தாள். "அப்பா, நீங்கள் இவ்வளவு பெரிய மனுசன் எண்டு எனக்குத் தெரியாமப் போச்சு. பிறெபென் சொல்லேக்கை என்ன நடக்குமோ எண்டு பயந்து நான் வழி முழுக்க அழுதுகொண்டு வந்தனான்" என்றாள். எதைச் சொல்லேக்கை என்று கேட்க வாய் வந்தது. நல்ல காலம், அவள் விடாமல் கதைத்தாள். ஆவணி மாதம் ஒரு மத்தியானம் இரண்டு பேரும் ஓகூஸ் நகரசபை மண்டபத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்துக் கலியாணம் கட்டிவிட்டார்களாம். ஊரைக் கூட்டிச் செய்ய அவர்களுக்குப் பயமாம். சாட்சி பிறெபென். எங்களிடம் சொல்லுகிற பொறுப்பை அவர்தான் தன் தலையில் எடுத்தாராம், தகப்பனும் தகப்பனும் கதைத்தால் நல்லதென்று. அதற்குத்தான் அந்த மனுசன் முன்கூட்டியே ரெயின் ஏறி வந்திருக்கிறார். அது பொறுமையில்லை அக்கா, பயம். மத்தியானத்திலிருந்து ஓவனுக்கு முன்னால் பயந்து போய் இருந்திருக்கிறார், நான் பக்கத்தில் இருந்து ஞானம் படித்திருக்கிறேன்.

என்ர ஒரே பிள்ளையின்ர கலியாணத்தை நான் காணேல்லை. கூட்டிக்கொண்டு போய்க் கையைப் பிடிச்சுக் குடுக்கேல்லை. ஆனா, "கோவமில்லைத்தானே அப்பா?" எண்டு அவள் கேட்ட குரலைக் கேட்டாப்பிறகு, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு சொல்ல மனம் வரேல்லை. "பிறெபென் வடிவாச் சொன்னவர் பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டன். ஆகவே மேலே எழுதினது ஒண்டையும் கணக்கில எடுக்க வேண்டாம். மண்டபத்தை விட்டிடாதேங்கோ. கோயில் கலியாணத்துக்குக் கெதியா ஒரு திகதி பாருங்கோ, பங்குச் சுவாமியோட இண்டைக்கே கதையுங்கோ.

அமலராணிக்கு இன்னும் தெரியாது. வாற சனிக்கிழமை மட்டும் நீங்கள் அவளுக்குப் போன் எடுக்கவேண்டாம். நான் பிறெபெனுக்கு எடுத்தனான். "எனக்குத் தெரியும்" எண்டு சொன்னன். அவர் மன்னிப்புக் கேட்டார். "அது கிடக்கட்டும், என்ர மனுசிக்கு நீங்கள்தான் வந்து சொல்லவேணும்" எண்டன். அந்தப் பக்கம் சுங்கானைத் தட்டுற சத்தம் கேட்டுது. பிறகு கேட்டார், எத்தினை கிலோ கொண்டுவர எண்டு.